ஊர் மாறும் முன் வேலை: புனேவுக்குப் போன ஆற்காட்டுச் செவிலியர் – ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூரில் ஓய்வுபெற்ற செவிலியர்களும் அலுவலர்களுமாகச் சிலர் சேர்ந்து, வேலை தேடி வருவோருக்குக் கட்டணமில்லாமல் வழிகாட்டி வருகிறோம். வெளிமாநிலத்துக்குக் குடும்பத்தோடு போகப்போகிறவர்கள், "இங்கிருந்தே வேலையை உறுதி செய்துகொண்டு போகமுடியுமா?" என்று கேட்பது அதிகமாகிவிட்டது. அப்படி வந்த ஒருவரின் ஆறு மாத நடப்பை அவர் ஒப்புதலோடு பதிவு செய்கிறேன். அவர் பெயரும் மருத்துவமனைகளின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

அவருக்கு வயது 31. ஆற்காட்டில் பிறந்து வளர்ந்தவர். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் எட்டு ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸ். மொத்தச் சம்பளம் 19,200 ரூபாய். கணவர் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் வேலை பார்த்தார். அங்கே ஓவர்டைம் நின்று, சம்பளமும் தள்ளித் தள்ளி வரத் தொடங்கியது. ஜனவரியில் அவருக்குப் புனேவை அடுத்த சாக்கனில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. பிப்ரவரியில் போய்ச் சேர்ந்து, போசரியில் நண்பர்களோடு ஓர் அறையில் தங்கினார்.

யுகேஜி படிக்கும் மகளும் மாமியாரும் இவரோடு ஆற்காட்டில் இருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி, கணவரை இழந்த இவருடைய தாயார். அவருக்குச் சர்க்கரை நோய். நகைக்கடனுக்கும் வீடு பழுதுபார்த்த கடனுக்கும் சேர்த்து மாதம் 14,000 ரூபாய் தவணை. இவர் சம்பளம் இரண்டு மாதம் நின்றால் நகை ஏலத்துக்குப் போய்விடும் என்பதுதான் நிலைமை. ஆகவே "முதலில் குடிபோகலாம், வேலையை அங்கே போய்த் தேடலாம்" என்ற வழி இந்தக் குடும்பத்துக்கு ஒத்துவரவில்லை.

வீட்டுப் பெரியவர்கள் அப்படி நினைக்கவில்லை. "அங்க போயி பாத்துக்கலாம், இன்னாம்மா அவசரம்? வேலூர் நர்ஸுன்னா வேணாம்னா சொல்லப்போறாங்க?" என்றார் மாமியார். இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஐடா ஸ்கடர் 1909-இல் வேலூரில் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1946-இல் அது பட்டப்படிப்பாகவும் வளர்ந்தது. வேலூரில் பயின்ற செவிலியருக்கு நாடெங்கும் மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பு நேர்காணல் அறைக்குள் நுழைந்த பிறகுதான் பயன்படும். அறைவரை கொண்டுபோய் விடுவது வேறொன்று.

கவனித்தவை

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அவர் புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வடு பகுதி மருத்துவமனைகளுக்கு ஆன்லைனில் பதினெட்டு விண்ணப்பங்கள் அனுப்பியிருந்தார். இரண்டு இடங்களிலிருந்து மட்டும் போன் வந்தது. இரண்டு உரையாடலும் ஒரே கேள்வியில் முடிந்தன: "மகாராஷ்டிரா கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கிறதா?" இல்லை என்றதும், "வந்ததும் சொல்லுங்கள்" என்று வைத்துவிட்டார்கள். மார்ச் நடுவில் எங்களிடம் வந்தபோது, தன் ஆங்கிலம் சரியில்லாததால்தான் யாரும் எடுக்கவில்லை என்ற எண்ணத்தில் இருந்தார். அந்த எண்ணத்தை முதலில் அகற்ற வேண்டியிருந்தது. ஆங்கிலத்துக்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

செவிலியர் படிப்புக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டு. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அமைப்பு அது. ஆனால் பதிவேட்டை வைத்திருப்பவை மாநிலக் கவுன்சில்கள். சென்னையில் உள்ள தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிந்தவர், மகாராஷ்டிராவில் பணிசெய்ய அந்த மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டுக் கவுன்சிலின் தடையின்மைச் சான்று தேவை. படிப்பு நாடு முழுவதும் செல்லும், பதிவு மாநில எல்லையோடு நின்றுவிடும். என்ஏபிஹெச் தரச்சான்று பெற்ற மருத்துவமனைகள் ஒவ்வொரு செவிலியரின் பதிவையும் சரிபார்த்துக் கோப்பில் வைக்க வேண்டியவை. பதிவு எண் இல்லாத விண்ணப்பம், செவிலியர்களுக்குத் தலைவரான மேட்ரனின் மேசைக்கே போகாததற்குக் காரணம் அதுதான்.

அவருடைய பயோடேட்டாவில் வேறு சிலவும் தெரிந்தன. முதல் வரியில் ஆற்காட்டு முகவரி. ஏன் புனே, எப்போது வருவார் என்று எங்குமே இல்லை. ஆன்லைன் படிவங்களில் "உடனே சேரத் தயார்" என்பதில் டிக் செய்திருந்தார். ஆனால் நியமன ஆணைப்படி அவருக்கு ஒரு மாத நோட்டீஸ் இருந்தது. எட்டு ஆண்டு டயாலிசிஸ் அனுபவம் "நோயாளிப் பராமரிப்பு" என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிட்டிருந்தது.

எங்கள் குழுவில் உள்ள ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரின்டென்டன்ட் இதை மறுபக்கத்திலிருந்து விளக்கினார். டியூட்டி ரோஸ்டர் போடுகிறவருக்கு வேண்டியது ஒரு தேதி. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் "வருகிறேன்" என்கிறார், ஆர்டர் கொடுத்த பிறகு வருவதில்லை. இந்த அனுபவம் எல்லா மேட்ரனுக்கும் உண்டு. வெளியூர் விண்ணப்பத்தின்மேல் அவர்களுக்கு இருப்பது வெறுப்பு இல்லை, ரோஸ்டர் காலியாகிவிடுமோ என்ற பயம். எந்தத் தேதியில் வருவேன், எந்தத் தாளோடு வருவேன் என்ற இரண்டையும் விண்ணப்பமே சொல்லிவிட்டால் அந்தப் பயம் பாதியாகக் குறையும். இந்த நிகழ்வில் நாங்கள் எடுத்த முடிவுகள் அனைத்தும் இதிலிருந்து வந்தவை.

முதல் முடிவு: விண்ணப்பங்களை நிறுத்துதல்

மூன்று வாரங்களுக்குப் புது விண்ணப்பம் எதுவும் வேண்டாம், பதிவு வேலையை முதலில் தொடங்குவோம் என்றோம். அவருக்கு இது கசந்தது. கணவர் தினமும் போனில் கேட்கும்போது "இன்று இத்தனை இடத்துக்கு அனுப்பினேன்" என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

தொடங்கியதும் முட்டியது பெயரில். பட்டச் சான்றிதழில் தந்தையின் இனிஷியலும் பெயரும். பான் அட்டையில் தந்தையின் முழுப்பெயர் பின்னால். திருமணத்துக்குப் பின் ஆதாரில் கணவரின் பெயரைச் சேர்த்திருந்தார். ஒரே பெண், மூன்று பெயர். நம் ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெளிமாநிலப் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று தனித்தனிக் கட்டம் போட்டுக் கேட்கும். எந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் ஏதாவது ஓர் ஆவணத்தோடு பொருந்தாது. செவிலியர்களுக்கான தேசியப் பதிவு எண்ணும் ஆதாரைக் கொண்டே சரிபார்க்கப்படுவதால் இதை ஒதுக்கிவிட்டு நகர வழியில்லை.

எதை எதற்குப் பொருத்துவது? ஆதாருக்கு ஏற்பப் பட்டச் சான்றிதழை மாற்றுவது மாதக்கணக்கான அலைச்சல். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மாற்ற அனுமதி உண்டு. அவர் ஒருமுறைதான் மாற்றியிருந்தார். ஆகவே ஆதாரைப் பட்டச் சான்றிதழில் உள்ளபடியே திருப்பி மாற்றினோம். கணவர் பெயரை எடுப்பதில் மாமியாருக்கு வருத்தம். திருமணப் பதிவுச் சான்று அப்படியே இருக்கிறது, உறவு எந்தத் தாளிலும் குறையவில்லை என்று மருமகளே உட்கார்ந்து விளக்கினார்.

அடுத்து மாவட்டம். பழைய சான்றிதழ்களில் எல்லாம் வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் ராணிப்பேட்டை தனி மாவட்டமானபோது ஆற்காடு அதில் சேர்ந்தது. புதிய ஆவணங்களில் ராணிப்பேட்டை மாவட்டம். இங்கிருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மும்பையில் கோப்பைப் பார்க்கும் எழுத்தருக்கு இது இரண்டு வேறு ஊர். விண்ணப்பத்தோடு, மாவட்டப் பிரிவினையைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் இணைத்தோம். அதன்பின் அந்தக் கேள்வி எழவே இல்லை.

அசல் சான்றிதழ்கள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் பெட்டகத்தில் இருந்தன. கேட்டால் வேலையை விடப்போகிறார் என்று தெரிந்துவிடுமே என்று தயங்கினார். கவுன்சில் சரிபார்ப்புக்குத் தேவை என்று உள்ளதை உள்ளபடி எழுதி மனு கொடுத்தார். பத்து நாள் இழுத்தடித்துப் பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். ஏப்ரல் இரண்டாம் வாரம் தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பம் போயிற்று.

இரண்டாம் முடிவு: உள்ளூர் முகவரி போடுவதில்லை

புனேவில் இருந்த உறவினர் ஒருவர், போசரி அறையின் முகவரியையே தற்போதைய முகவரியாகப் போடச் சொன்னார். அப்படிப் போட்டால் போன் வரும் என்பது உண்மைதான். ஆனால் "நாளை காலை நேரில் வாருங்கள்" என்றால் என்ன செய்வது? அனுபவச் சான்றும் ஆதாரும் ஆற்காட்டையும் வேலூரையும் காட்டும்போது என்ன சொல்வது? நோயாளியின் உயிரோடு சம்பந்தப்பட்ட வேலையில் முதல் தாளிலேயே பொய் என்றால், உண்மையான எட்டு ஆண்டையும் யாரும் நம்ப மாட்டார்கள். கூடாது என்று உறுதியாகச் சொன்னோம்.

அதற்குப் பதில் பயோடேட்டாவின் தலைப்பிலேயே நான்கு செய்திகளை வைத்தோம். கணவர் பிப்ரவரி முதல் சாக்கனில் பணிபுரிகிறார், குடும்பம் ஜூன், ஜூலைக்குள் குடிபெயர்கிறது. மகாராஷ்டிரா பதிவுக்கான தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பித்தாயிற்று, தேதி இன்னது. நோட்டீஸ் முப்பது நாள். மே இரண்டாம் வாரம் முழுதும் புனேவில் இருப்பேன், நேரில் வர முடியும்.

நான்காவது செய்தி யோசித்து வைத்தது. காட்பாடியிலிருந்து புனேவுக்குக் கன்னியாகுமரியிலிருந்து வரும் ஜெயந்தி ஜனதா ரயில் இருக்கிறது; ஏறக்குறைய ஒரு நாள் பயணம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும், நேர்காணல் தேதியோ சில நாளுக்கு முன்புதான் தெரியும். ஒவ்வொரு அழைப்புக்கும் ஓடினால் லீவும் பணமும் கரையும். மகளின் கோடை விடுமுறையில் எப்படியும் கணவரைப் பார்க்கப் போவார். அந்த வாரத்தை அவரே மருத்துவமனைகளுக்கு அறிவித்துவிட்டால் அவர்கள் அதற்குள் நேரம் ஒதுக்கலாம்.

அனுபவப் பகுதியை அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். ஒரு ஷிஃப்டில் எத்தனை நோயாளிகள், ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காக இணைத்த ரத்தக்குழாயில்) ஊசி ஏற்றுவது, ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மெஷின், நான்கு மணி நேர சிகிச்சையின் நடுவில் ரத்த அழுத்தம் இறங்கினால் செய்வது, ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பது. இவை எல்லாம் அவருக்கு அன்றாடம். அதனாலேயே எழுதத் தோன்றவில்லை.

மொழி என்ற கட்டத்தில் தமிழ், ஆங்கிலம் என்று மட்டும் இருந்தது. வேலூருக்கு வங்காளம், ஜார்க்கண்டு, வடகிழக்கிலிருந்து எல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். காந்தி ரோடு பக்கம் லாட்ஜுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வங்காளப் பலகைகளே தொங்குகின்றன. எட்டு ஆண்டு அவர்களுக்கு ஊசி போட்டவருக்கு இந்தி தெரியாதா என்று கேட்டோம். "பேசுவேன், எழுதத் தெரியாது, அதனால் போடவில்லை" என்றார். ஆற்காட்டில் உருது பேசும் தெருவில் வளர்ந்ததால் அதற்கு அடித்தளமும் இருந்தது. "இந்தி: நோயாளியோடு பேசும் அளவு" என்று சேர்த்தோம். எங்கள் பக்கத்துச் செவிலியர்கள் பலர் இந்தச் செல்வத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

இடையில் ஒரு போலி அழைப்பு

ஏப்ரல் கடைசியில் புனேவின் பெரிய மருத்துவமனை ஒன்றின் பெயரைச் சொல்லி ஒருவர் பேசினார். வேலை உறுதி, சீருடைக்கும் கவுன்சில் பதிவை விரைவுபடுத்தவும் 6,500 ரூபாய் அனுப்புங்கள் என்றார். பதிவு எங்கே சிக்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்ததால் இவர் நம்பிவிடும் நிலையில் இருந்தார். வேலைத் தளத்தில் ஏற்றிய பயோடேட்டாவிலேயே அந்த விவரம் இருக்கிறது என்று சுட்டிக்காட்டினோம். மருத்துவமனையின் பொது எண்ணை நாமே தேடி அழைத்தோம். அப்படி ஓர் ஆள் இல்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதியச் செய்தோம்.

நேர்காணலும் நோட்டீசும்

புதிய வடிவில் ஒன்பது இடங்களுக்கு மட்டும் அனுப்பினார். நான்கு பேர் அழைத்தார்கள். மே பயணத்தில் இரண்டு நேர்காணல்கள். ஒன்றில் மேட்ரன், டயாலிசிஸ் நடுவில் நோயாளி "போதும், கழற்றிவிடுங்கள்" என்றால் இந்தியில் எப்படிச் சமாதானப்படுத்துவீர்கள் என்று கேட்டாராம். இவர் வேலூரில் தினம் பேசும் வார்த்தைகளையே பேசியிருக்கிறார்.

பெரிய மருத்துவமனை 31,000 ரூபாய் தருவதாகச் சொன்னது. ஆனால் ஜூன் முதல் தேதி, மகாராஷ்டிரா பதிவோடு. தடையின்மைச் சான்று அந்த வாரம்தான் கிடைத்திருந்தது, மகாராஷ்டிராவின் பதிவு இன்னும் வரவில்லை. அந்த வேலை கைநழுவிப் போயிற்று. பிம்ப்ரி பக்கம் நடுத்தர மருத்துவமனை ஒன்று 27,500 ரூபாய்க்கு, பதிவு வந்தால் ஜூலை முதல் தேதி சேரலாம் என்று எழுதிக் கொடுத்தது.

இப்போது கடினமான கேள்வி: ராஜினாமாவை எப்போது கொடுப்பது? குழுவிலேயே இரண்டு கருத்து. எழுத்தில் உறுதி வந்துவிட்டது, ஜூன் முதல் தேதி கொடுத்தால்தான் ஜூலையில் சேர முடியும் என்றார் ஒருவர். பதிவு எண் கைக்கு வராமல், இப்போது இருக்கும் வேலையை விடக்கூடாது என்றார் சூப்பரின்டென்டன்ட். முடிவு செய்தவர் அந்தச் செவிலியரேதான். தவணைக் கணக்கை எழுதிப் பார்த்துவிட்டுக் காத்திருப்பதாகச் சொன்னார். ஆனால் சும்மா காத்திருக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் புனே மருத்துவமனைக்கு இரண்டு வரியில் பதிவின் நிலையை எழுதினார். ஜூன் 8-ஆம் தேதி அவர்கள் சற்றுப் பொறுமையிழந்து அழைத்தபோதும் அவர் தரப்பில் எல்லாம் தேதியோடு பதிவாகி இருந்தது.

ஜூன் 12-இல் பதிவு எண் வந்தது. மறுநாள் ராஜினாமா. சேரும் தேதியை ஜூலை 16-க்குத் தள்ளக் கேட்டார், சம்மதித்தார்கள். ஜூலை 12 வேலூரில் கடைசி நாள். சம்பளம் இல்லாத நாட்கள் மூன்று.

பின்விளைவுகள்

பொருளாதார ரீதியில் குடும்பம் தப்பித்தது. ஒரு தவணையும் தவறவில்லை. மகாராஷ்டிராவில் பெண்களுக்கு மாதச் சம்பளம் 25,000 ரூபாயைத் தாண்டினால் தொழில்வரி மாதம் 200, பிப்ரவரியில் 300. அதையும் வாடகையையும் முன்பே கணக்கில் எடுத்திருந்தோம். வீட்டுக்குப் பதினொரு மாத ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே எடுத்தார்கள். மகளைப் பள்ளியில் சேர்க்க அதுவே முகவரிச் சான்றாயிற்று. பள்ளி ஜூன் நடுவில் திறந்துவிட்டதால் குழந்தை ஒரு மாதம் பிந்திச் சேர்ந்தது. மராத்தி அங்கே எல்லாப் பள்ளியிலும் கட்டாயப் பாடம். முதல் வகுப்பில் தொடங்குவதால் பெரிய தடையாக இல்லை, ஆனால் முதல் வாரங்களில் குழந்தை வகுப்பில் வாயே திறக்கவில்லை என்று தாய் சொன்னது மனத்தில் நிற்கிறது.

வருங்கால வைப்புநிதியில் யூஏஎன் என்ற உறுப்பினர் எண் வேலை மாறினாலும் மாறாது. பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றினால் போதும். ஆனால் வேலூர் மருத்துவமனை விலகிய தேதியைப் பதியாமல் விட்டதால் மாற்றம் நின்றது. இரண்டு மாதம் கழிந்தபின் ஊழியரே அந்தத் தேதியைப் பதியலாம், அப்படியே செய்தார்.

எதிர்பாராதது இரவுப் பணி. மாதத்துக்கு எத்தனை நைட் டியூட்டி என்று நேர்காணலில் அவர் கேட்கவில்லை. கணவரும் ஷிஃப்டில் இருப்பவர். முதல் மாதத்தில் இருவருக்கும் ஒரே வாரம் இரவு வந்தபோது மாமியார் ஆற்காட்டிலிருந்து கிளம்பிப் போக வேண்டியதாயிற்று. இப்போது அங்கேயே இருக்கிறார்.

மாற்ற வேண்டியவை

கணவருக்கு ஆர்டர் வந்த ஜனவரியிலேயே பதிவு வேலை தொடங்கியிருந்தால் 31,000 ரூபாய் வேலைக்கு நேரம் சரியாக இருந்திருக்கும். ஆகவே இப்போது எங்களிடம் வருபவரிடம் பயோடேட்டாவைக் கேட்பதற்கு முன், போகும் மாநிலத்தில் உங்கள் தொழிலுக்குத் தனிப் பதிவு உண்டா என்று கேட்கிறோம். செவிலியருக்கு மட்டுமில்லை, மருந்தாளுநருக்கும் மாநில பார்மசி கவுன்சில் உண்டு. ஆசிரியர் என்றால் நம் மாநிலத் தகுதித் தேர்வை நம்பிப் போக முடியாது, அந்த மாநிலத்தின் தேர்வைப் பார்க்க வேண்டும். கணக்காளருக்கும் இயந்திரத் தொழிலாளிக்கும் இந்தத் தடை கிடையாது. அவர்கள் தேதியையும் காரணத்தையும் தெளிவாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

பெயர்ப் பொருத்தத்தையும் வேலை தேடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. திருமணம் ஆனவுடன் ஆதாரில் பெயரை மாற்ற ஓடும் பெண்களிடம், சான்றிதழில் உள்ள பெயரே இருக்கட்டும் என்று இப்போதே சொல்லி வருகிறோம்.

சம்பளம் கூடுவதன் மறுபக்கத்தையும் இனிக் கணக்கில் எழுதுவோம். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியிலிருந்து 21,000 ரூபாய். 19,200 வாங்கியபோது, இவரைச் சார்ந்த தாயாருக்கும் அதில் சிகிச்சை உண்டு. 27,500 சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை, புதிய மருத்துவமனையின் குழுக் காப்பீட்டில் கணவரும் குழந்தையும் மட்டுமே சேர்ந்தார்கள். தாயாரின் சர்க்கரை மாத்திரைகளுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்தோம். மாதாமாதம் வீட்டுக்கே வருகின்றன. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய கண் பரிசோதனையையும் சிறுநீரகப் பரிசோதனையையும் யார் அழைத்துக்கொண்டு போய்ச் செய்வது என்பது முடிவாகவில்லை. அதுவரை குழுவில் ஒருவர் அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதாக ஏற்றிருக்கிறார்.